வெறுங்கோணி வந்த நாள்

சிறியவர்களே, பெரியவர்களே, காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். ஊர்களுக்கு மதில் இருந்த காலம், ஆறுகளுக்கு அணை இல்லாத காலம். அந்தக் காலத்தில் கன்மதிலூர் என்று ஒரு நகரம் இருந்தது. ஒரு பக்கம் அகன்ற ஆறு, மற்ற மூன்று பக்கமும் மலை. மானவேள் என்ற அரசன் அதை ஆண்டுவந்தான்.

அந்த நகரத்துச் சந்தைக்கு அதிகாரி நன்னாகன். எந்தப் பொருள் எங்கே விற்கலாம், எப்படி விற்கலாம் என்று சொல்கிறவன் அவன். கையூட்டு வாங்காதவன். ஏழை வயிறு நிறைய வேண்டும் என்று மனதார நினைத்தவன். நடந்ததெல்லாம் அந்த நல்ல நினைப்பில்தான் தொடங்கியது.

முன்பெல்லாம் மதிலுக்கு வெளியே நெல்லும் தினையும் விளைந்தன. மதிலுக்கு உள்ளேயும் வீட்டுக்கு வீடு அவரைப் பந்தல், கிணற்றுக்குக் கிணறு கீரைப் பாத்தி. ஊர் விளைத்ததை ஊர் தின்றது.

ஓர் ஆண்டு, அக்கரை அரசன் படகில் அரிசி அனுப்பினான். நம் அரிசியின் பாதி விலை. நன்னாகன் ஒரு பிடி அள்ளிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், வாயில் போட்டு மென்று பார்த்தான். நல்ல அரிசி. மகிழ்ந்து துறையைத் திறந்துவிட்டான். மறு ஆண்டு பயறு வந்தது. அதற்கும் மறு ஆண்டு காய்கறியே வந்தது.

அப்போது குப்பாயி என்ற உழவுப் பெண் அவனைத் தேடி மூன்று முறை வந்தாள்.

முதல் முறை ஒரு கூடை கத்தரிக்காயோடு வந்தாள். “ஐயா, அக்கரைக் காய் விற்கிற விலைக்கு நான் விற்றால் விதைக்குக்கூட மிஞ்சாது. சந்தையில் ஒரு வரிசையாவது எங்களுக்கென்று ஒதுக்குங்கள்” என்றாள்.

“மலிவாகக் கிடைப்பதை வாங்காதே என்று ஏழையிடம் நான் எப்படிச் சொல்வேன் அம்மா?” என்றான் நன்னாகன்.

இரண்டாம் முறை கால் நிறையச் சேற்றோடு வந்தாள். “வாய்க்கால் தூர்ந்துவிட்டது ஐயா. பாதிக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லை.”

“போனவர்கள் பிழைக்கத்தானே போனார்கள்” என்றான் அவன்.

மூன்றாம் முறை வெறுங்கையோடு வந்தாள். “நாங்களும் போகிறோம். சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்” என்றாள்.

“எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்” என்றான் நன்னாகன். அதை மனதாரத்தான் சொன்னான். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

அதன்பின் மதிலுக்கு வெளியே எருக்கும் முள்ளும் வளர்ந்தன. உள்ளே அவரைப் பந்தல்களைப் பிடுங்கிவிட்டுக் கல் பாவினார்கள். வாராவாரம் படகு வரும்போது களஞ்சியம் எதற்கு என்று, அதையும் ஆடலரங்கமாக மாற்றினார்கள். ஊர் அழகாக இருந்தது. விருந்துக்கு வந்தவர்கள் கண் கூசுகிறது என்றார்கள்.

நன்னாகன் வீட்டிலும் அக்கரைக் காய்தான். ஊதா நிறத்தில் வெள்ளை வரி ஓடிய கத்தரிக்காய் அவனுக்கு உயிர். “அக்கரைக் காயின் ருசி நம் காய்க்கு என்றைக்கு இருந்தது?” என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வான்.

ஒரு கோடைக் காலை. வழக்கம்போல மூன்று படகுகள் துறைக்கு வந்தன. வழக்கம்போல நன்னாகன் படியில் நின்றான். படகுகள் தண்ணீரில் வழக்கம்போல அமிழ்ந்திருக்கவில்லை. இலைபோல மிதந்து வந்தன. அதை அவன் கவனித்தான், ஆனால் அதற்கு என்ன பொருள் என்று மனத்துக்கு எட்டவில்லை.

முதல் படகில் ஏறிக் கோணியைத் தொட்டான். கோணி அவன் கையில் மடிந்தது. இரண்டாம் படகில் ஏறினான். அங்கும் கோணிகள் காற்றில் படபடத்தன. மூன்றாம் படகில் கோணிக் குவியலின்மேல் ஒரு தூதன் உட்கார்ந்திருந்தான்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து நன்னாகன் சிரித்தான். தூதன் சிரிக்கவில்லை.

“எங்கள் அரசர் சொன்னது இது. வரும் பௌர்ணமிக்குள் கோட்டைச் சாவியை அனுப்பிவையுங்கள். மறுநாளே கோணி நிறையும். அனுப்பாவிட்டால் கோணியையே சமைத்துக் கொள்ளுங்கள்.”

நன்னாகன் வாயிலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது. ஓர் அம்பு பாயவில்லை. ஒரு யானை மதிலில் முட்டவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தான் தட்டில் போட்டுத் தின்றது படையெடுப்பு என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அரண்மனையில் மானவேள் கேட்டான். “எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது?”

நன்னாகன் விரல்விட்டு எண்ணப் பார்த்தான். ஊரில் ஒவ்வொரு கடையிலும் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவனுக்கு, ஊரில் ஒன்றுமே இல்லை என்பதைச் சொல்ல நா எழவில்லை.

“அரசே, வாராவாரம் வாங்கி வாராவாரம் தின்றுகொண்டிருந்தோம்” என்றான் கடைசியில்.

ஆற்றில் வலை போட்டார்கள். கோடையில் இளைத்த ஆறு. அதிலிருந்த மீன் எத்தனை வாய்க்குப் போதும்? மலைக்கு அப்பாலிருந்த ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர்கள் போய்த் திரும்புவதற்குள் பௌர்ணமி வந்துவிடும்.

நன்னாகனின் மகள் திருநாச்சி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். சில நாளில் வீட்டு அரிசிப் பானையில் அகப்பை தரை தட்டியது. இன்னும் சில நாளில் அவளுக்குப் பால் சுரப்பது குறைந்தது. குழந்தை அழுதது. பிறகு அழவும் தெம்பில்லாமல் முனகியது. அந்த முனகலைக் கேட்டுவிட்டு நன்னாகன் வீட்டில் நிற்க மாட்டாமல் வெளியே வந்தான்.

கால் போன வழியில் மதிலைத் தாண்டிப் போனான். பழைய வயல்களைப் பார்க்கலாம் என்று தேடினான். வாய்க்கால் எது, வரப்பு எது என்று தெரியவில்லை. காலில் முள் ஏறியது. ஒரு காலத்தில் முழங்கால் அளவு நெல் நின்ற இடத்தில் நின்று, இதை யார் செய்தது என்று யோசித்தான். யாரும் செய்யவில்லை. எல்லோரும் மலிவாக வாங்கினார்கள், அவ்வளவுதான். அந்த நினைப்பு முள்ளைவிட ஆழமாகக் குத்தியது.

அப்போதுதான், கேட்டிருக்க வேண்டிய கேள்வி அவனுக்குத் தோன்றியது. போனவர்கள் எங்கே போனார்கள்? உழவு இருக்கிற அக்கரைக்கா?

கூலியாள்போல வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஒரு பரிசலில் ஏறி அக்கரைக்குப் போனான்.

அக்கரை முழுக்கப் பச்சை. நெல் மணி பிடித்து நின்றது. அதைத் தாண்டிக் கத்தரித் தோட்டம். ஒரு பெண் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். ஊதா நிறக் காய், வெள்ளை வரி. அவள் நிமிர்ந்தாள்.

குப்பாயி.

நன்னாகன் சுற்றிலும் பார்த்தான். ஏர் ஓட்டுகிறவன் கன்மதிலூர்க்காரன். களை பறிக்கிறவள் கன்மதிலூர்க்காரி. துறையில் படகைக் கட்டிக்கொண்டிருந்த துடுப்புக்காரர்கள்கூடக் கன்மதிலூர்க்காரர்கள். வாராவாரம் அவர்கள் கோணியைப் பார்த்தவன் முகத்தைப் பார்த்ததில்லை. அவன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

“ஐயாவா?” என்றாள் குப்பாயி. வெகுநேரம் உற்றுப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள். “இங்கே என்ன செய்கிறீர்கள்?”

“இந்தக் காய்…” என்றான் அவன். “நான் தின்றதெல்லாம் உன் கையால் விளைந்ததா?”

“நான் கூடையில் கொண்டு வந்து காட்டினேனே, அதே விதைதான். அன்றைக்கு அக்கரைக் காய்தான் மலிவு என்றீர்கள்.”

“இங்கே மட்டும் எப்படி அவ்வளவு மலிவாக விளைகிறது?”

குப்பாயி தன் கூரையைக் கைகாட்டினாள். நாலு கம்பும் கொஞ்சம் ஓலையும். அவள் கணவன் சடையன் அங்கிருந்து வந்துகொண்டிருந்தான். விலாவெலும்பு தெரிந்தது.

“விளைவதையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்” என்றாள் குப்பாயி. “எங்களுக்கு இரண்டு வேளைக் கஞ்சி. வேலிக்கு வெளியே போனால் சவுக்கு. எங்கள் வயிற்றில் குறைத்ததைத்தான் ஐயா உங்களுக்கு விலையில் குறைத்தார்கள்.”

நன்னாகன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். அந்தக் கையால் எத்தனை வாய் உண்டிருப்பான்.

“திரும்பி வந்துவிடு அம்மா” என்றான். “எல்லோரும் வந்துவிடுங்கள். ஊர் சாகிறது.”

“இப்போது பசிக்கிறது, கூப்பிடுகிறீர்கள். நாங்கள் விளைத்தால் வாங்குவீர்கள். வயிறு நிறைந்த பிறகு மறுபடி பாதி விலைக்குப் படகு வரும். அப்போதும் எங்களிடம் வாங்குவீர்களா?”

வாங்குவோம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர்கள் வந்துவிடுவார்கள். வீட்டில் குழந்தை முனகிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் நன்னாகனின் நாக்கு நுனிவரை வந்தது. அவன் அதை விழுங்கினான்.

“தெரியாது” என்றான். “நான் வாங்குவேன். என் வீடு வாங்கும். உங்களுக்கென்று சந்தையில் முதல் வரிசையைத் தருவேன். ஊர் முழுக்க வாங்கும் என்று வாக்குக் கொடுக்க எனக்கு வாய் இல்லை. ஊரை நான் இப்போதுதான் அறிகிறேன்.”

குப்பாயி சடையனைப் பார்த்தாள். சடையன் மண்ணைக் காலால் கிளறினான்.

“ஊரே வாங்கும் என்று பொய் வாக்குக் கொடுத்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன்” என்றான் அவன்.

குப்பாயி காய்க் கூடையைக் கீழே வைத்தாள். உள்ளே போய் விதைகளை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

இரண்டு நாளில் அக்கரை அரசனின் பிறந்தநாள் வந்தது. காவலர்கள் எல்லாம் அரண்மனை விருந்துக்குப் போனார்கள். பட்டப்பகலில் உழவர்கள் குடும்பம் குடும்பமாகத் துறைக்கு வந்தார்கள். துடுப்பு பிடிக்கிறவர்களும் அவர்கள் உறவுதான். அக்கரை அரசனின் படகுகளிலேயே ஏறி ஆற்றைக் கடந்தார்கள்.

கன்மதிலூர்க்காரர்கள் படகுகளைப் பார்த்தார்கள். இந்த முறை படகுகள் நன்றாக அமிழ்ந்து வந்தன. அரிசி வருகிறது என்று ஊரே பானையும் கூடையுமாகத் துறைக்கு ஓடிவந்தது. படகிலிருந்து மனிதர்கள் இறங்கினார்கள். மேலும் மனிதர்கள் இறங்கினார்கள். ஒரு படி அரிசிகூட இறங்கவில்லை.

நீட்டிய பானைகளை எல்லோரும் கீழே இறக்கினார்கள்.

“வயிற்றுக்குக் கொண்டு வருவாய் என்று பார்த்தால், வாய்களையல்லவா கொண்டு வந்திருக்கிறாய்” என்றார் ஒரு வணிகர், நன்னாகனைப் பார்த்து. கல்லை எடுத்தவர்களும் உண்டு.

குப்பாயி கரையேறி வந்தாள். “வீட்டுக்கு வீடு அஞ்சறைப்பெட்டி இருக்கிறதா?” என்று கேட்டாள்.

யாருக்கும் புரியவில்லை.

“அதில் வெந்தயம் இருக்கும். கடுகு இருக்கும். கொத்துமல்லி இருக்கும். எடுத்து வாருங்கள். மண்ணில் போட்டால் எல்லாம் கீரைதான். பானை அடியில் ஒரு பிடி பச்சைப்பயறு ஒட்டியிருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.”

“இருக்கிற ஒரு பிடியையும் மண்ணில் போடவா?” என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அது நியாயமான கேள்வி. பசித்தவன் கையிலிருப்பதைத் தின்பதா, விதைப்பதா? அந்த ஊருக்கு வந்த சோதனை அதுதான்.

கூட்டத்தில் நின்ற அரசன் மானவேள் அரண்மனைக்குப் போனான். அடுக்களையிலிருந்து தன் அஞ்சறைப்பெட்டியைத் தானே தூக்கி வந்து குப்பாயியின் முன்னால் வைத்தான். திருநாச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் பெட்டியைக் கொண்டு வந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஆடலரங்கத்தின் கல்லைப் பெயர்த்தார்கள். குதிரை பழக்கும் திடலைக் கொத்தினார்கள். அரண்மனைப் பூந்தோட்டத்தில் பூச்செடிகளைப் பிடுங்கிப் பாத்தி கட்டினார்கள். மொட்டை மாடிகளில் மண்ணைக் கொட்டினார்கள். உடைந்த பானை, பழைய தொட்டி, ஓட்டைப் படகு, எது கிடைத்தாலும் அதில் மண். மதிலுக்கு வெளியே சடையன் வாய்க்காலைத் தேடிக் கண்டுபிடித்தான். அரசனும் வணிகனும் வண்ணானும் வரிசையாக நின்று தூர்வாரினார்கள்.

ஒரு நாள் விடியலில் பாத்தியைக் கிளறி விதைத்த பயற்றைத் தின்றுகொண்டிருந்த ஒருவரைப் பிடித்தார்கள். துறையில் நன்னாகனை ஏசிய அதே வணிகர். வாயில் மண் ஒட்டியிருந்தது. ஊர் அவரை அடிக்கப் போனது.

“அடித்தால் பயறு திரும்ப வருமா?” என்றாள் குப்பாயி. “இந்தப் பாத்திக்கு இவரையே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.” அந்த மனிதர் தலை நிமிராமல் குடத்தை எடுத்தார்.

ஊர் முழுவதும் பிழைத்தது என்று உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் முதியவர்கள் சிலர் படுத்த படுக்கையில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைத் தூக்கிப் போகத் தோளில் தெம்பிருந்தவர்கள் குறைவு. நன்னாகன் ஒவ்வொரு பாடைக்கும் தோள் கொடுத்தான். ஒவ்வொன்றும் முதல் பாடைபோலவே கனத்தது.

முளை வந்தது. முளை இலையானது. வெந்தயக்கீரையை அளவாய்ப் பிடுங்கி, முளைகட்டிய பயற்றோடு சேர்த்துக் கஞ்சியாய்க் காய்ச்சித் தெருத் தெருவாக ஊற்றினார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு முதல் அகப்பை. திருநாச்சிக்குப் பால் ஊறியது. குழந்தை மறுபடி வாய்விட்டு அழுதபோது அந்தத் தெருவே வாசலில் நின்று கேட்டது.

பௌர்ணமி அன்று தூதன் சாவி வாங்க வந்தான். சாவிக்குப் பதில் அவனுக்கு ஒரு கிண்ணம் கீரைக் கஞ்சி கொடுத்தார்கள். அவன் கல் தெருவெங்கும் முளைத்திருந்த பச்சையைப் பார்த்தான். குடித்துவிட்டு நன்னாகனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

“எங்கள் வயலில் நெல் முற்றிக் கொட்டுகிறது ஐயா. அறுக்க ஆள் இல்லை. படைவீரர்கள் வாளை வைத்துவிட்டு அரிவாளோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு அறுக்கத் தெரியவில்லை.”

அக்கரை அரசனின் பலமெல்லாம் கன்மதிலூரின் கைகள்தான் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. அவன் படை ஆற்றைக் கடக்கவே இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன்.

மழை வந்தது, நெல் விளைந்தது, வயிறுகள் நிறைந்தன. தெருவுக்கு ஒரு தோட்டம் என்று அரசன் நிலம் ஒதுக்கினான். சந்தையின் முதல் வரிசையில் குப்பாயி உட்கார்ந்து காய் விற்றாள். மறு ஆண்டு அறுவடை முடிந்த கையோடு, ஒரு காலையில் மூன்று படகுகள் துறைக்கு வந்தன. கோணிகள் புடைத்திருந்தன. அக்கரை அரிசி. பாதி விலை.

நன்னாகன் அரசனிடம் ஓடினான். “துறையை அடைத்துவிடலாம் அரசே.”

“துறையை அடைக்கலாம்” என்றான் மானவேள். “ஆசையை எந்தக் கதவால் அடைப்பாய்? ஊர் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.”

நன்னாகன் துறைக்குத் திரும்பி வந்தான். வந்தவன் திகைத்து நின்றான். கூடையோடு ஒரு கூட்டம் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. பாடை தூக்கிய அதே தோள்களில் வெறுங்கூடைகள். அந்தக் கூட்டத்தின் முன்னால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் மகள் திருநாச்சி போய்க்கொண்டிருந்தாள்.

அரசன் சொன்னதை நினைத்து, அவளைக் கூப்பிடாமல் படியிலேயே நின்று பார்த்தான்.

திருநாச்சி படகில் ஏறினாள். ஒரு பிடி அரிசியை அள்ளினாள்.

“நல்ல அரிசிதான்” என்றாள் படகுக்காரனிடம். “எங்கள் ஆட்கள் எல்லோரும் இங்கே வந்துவிட்டார்களே. இதை விளைத்தது யார்?”

படகுக்காரன் ஒளிக்கத் தெரியாதவன். “மேற்கே வேம்பூர் என்று ஓர் ஊர் அம்மா. இரண்டு வருடமாக அங்கே எங்கள் அரிசிதான் போகிறது. அவர்கள் வயலெல்லாம் சும்மா கிடக்கிறது. உழுகிறவர்கள் பிழைக்க வழியில்லாமல் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள்.”

படியில் நின்றவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

திருநாச்சி கையிலிருந்த அரிசியைத் திரும்பக் கோணியிலேயே விட்டாள். உள்ளங்கையில் ஒட்டிய ஒன்றிரண்டையும் தட்டிவிட்டாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியேறி, சந்தையை நோக்கி நடந்தாள்.

அவள் பின்னால் எல்லோரும் போகவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டு அக்கரை அரிசியை வாங்கத்தான் செய்தார்கள். ஆனால் அதிகம் பேர் வெறுங்கூடையோடு திரும்பி நடந்தார்கள். படகுகள் முக்கால் பாரத்தோடு திரும்பிப் போயின. அடுத்த ஆண்டு ஒரு படகுதான் வந்தது. அதற்கடுத்த ஆண்டு ஒன்றும் வரவில்லை.

அந்த மூன்று படகுகள் திரும்பிய அன்றைக்கே நன்னாகன் குதிரைக்குச் சேணம் கட்டினான். “எங்கே ஐயா?” என்று கேட்டாள் குப்பாயி.

“வேம்பூருக்கு. அவர்கள் துறைக்கு இன்னும் நிறைந்த கோணிதான் வந்துகொண்டிருக்கும். வெறுங்கோணி வருவதற்குள் போய்ச் சொல்ல வேண்டும்.”

மேற்கு வாசல் வழியாக அவன் குதிரை வேகமாகப் போனது.

பசித்த நாளில் உழவரைத் தேடுவது வெறும் தேவை. வயிறு நிறைந்த நாளிலும் தன் ஊர் மண்ணில் விளைந்ததை வாங்கி அவரை வாழவைப்பதே அறம்.